தற்கொலை எண்ணத்தில் இருக்கும் மாணவரை அணுகுவது எப்படி: புதிய வகுப்பு ஆலோசகருக்கும் விடுதிக் காப்பாளருக்கும் ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டில் ஒரு கலை அறிவியல் கல்லூரியிலோ பொறியியல் கல்லூரியிலோ உதவிப் பேராசிரியராகச் சேருபவருக்கு, பாடம் நடத்தும் வேலையோடு வகுப்பு ஆலோசகர் அல்லது விடுதியின் துணைக் காப்பாளர் என்ற பொறுப்பும் விரைவிலேயே வந்து சேர்கிறது. வருகைப்பதிவைக் கணக்கிடுவது, இன்டர்னல் மதிப்பெண்களை ஏற்றுவது, பெற்றோர் கூட்டம் நடத்துவது ஆகியவற்றைத் துறையில் மூத்தவர்கள் சொல்லித் தந்துவிடுவார்கள். தன் மாணவர் ஒருவர் உயிரை விட்டுவிட நினைக்கிறார் என்று தெரியவரும்போது என்ன செய்ய வேண்டும் என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. அந்தக் குறையை ஓரளவு நிரப்புவதற்காகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது. இதைப் படிப்பவர் தாமே அந்த எண்ணத்தோடு போராடிக்கொண்டிருக்கும் மாணவராக இருந்தால், மீதியைப் படிப்பதற்கு முன்பு 14416 என்ற எண்ணை அழைக்கவும். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், எந்த நேரத்திலும் பேசலாம்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்த 1,70,924 பேரில் 13,044 பேர் மாணவர்கள். பள்ளி மாணவர்களும் இதில் அடக்கம். மாநில வாரியாகப் பார்த்தால் மகாராஷ்டிரத்திற்கு அடுத்த இடத்தில் தமிழ்நாடு இருந்தது. இங்கே இறந்த மாணவர்கள் 1,416 பேர். இந்த எண்களைப் பார்த்து ஆலோசகர் தம்மை உளவியல் வல்லுநராக மாற்றிக்கொள்ளத் தேவையில்லை. மாற்றத்தைக் கவனிப்பதும், நேரடியாகக் கேட்பதும், ஆபத்தான நேரத்தில் தனியே விடாமல் இருப்பதும், தகுந்தவரிடம் ஒப்படைப்பதும், ஒப்படைத்த பிறகு மறுபடியும் போய்ப் பார்ப்பதுமே அவருடைய வேலை. என் கருத்தில் இவற்றுள் நம் கல்லூரிகள் பெரிதும் கைவிடுவது கடைசியாகச் சொன்னதைத்தான்.

பொறுப்பேற்ற வாரத்திலேயே செய்ய வேண்டியவை

சில எண்களைக் கைப்பேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி வழி மனநலச் சேவைக்கு 14416. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட இச்சேவை தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் நடக்கிறது. மாநில அரசின் மருத்துவ ஆலோசனைக்கு 104, அவசர ஊர்திக்கு 108. சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புக்காகவே இயங்கிவரும் ஸ்நேகா அமைப்பின் எண் 044-24640050. சேமித்துவைப்பதோடு நிற்காமல், 14416ஐ நீங்களே ஒருமுறை அழைத்து, மாணவருக்காக ஆசிரியர் ஒருவர் பேசினால் என்ன செய்வார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நெருக்கடியில் முதன்முறையாக அழைப்பவரின் தடுமாற்றம் அப்போது இருக்காது.

அடுத்து, உங்கள் கல்லூரிக்கு அருகில் இரவு இரண்டு மணிக்கும் அவசர சிகிச்சைப் பிரிவு இயங்கும் மருத்துவமனை எது, மனநல மருத்துவர் இருக்கும் அரசு மருத்துவமனை எது, அங்கே புறநோயாளிப் பிரிவு எந்தக் கிழமைகளில் நடக்கிறது என்பவற்றை விசாரித்து வையுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. கல்லூரிக்குள் இருக்கும் ஆலோசகரின் பெயரையும் அறையையும் அறிந்துகொள்வதும் அவசியம். அப்படி ஒருவர் இல்லையென்றால், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் நிறுவனங்கள் தகுதிபெற்ற மனநல ஆலோசகர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்றும், பணியாளர்கள் ஆண்டுக்கு இருமுறையாவது பயிற்சி பெற வேண்டும் என்றும், உதவி எண்கள் விடுதியிலும் வகுப்பறையிலும் கண்ணில் படும்படி எழுதப்பட வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டுதல்கள் பிறப்பித்திருப்பதைச் சுட்டிக்காட்டிக் கல்லூரி முதல்வருக்கு எழுத்தில் ஒரு கோரிக்கை கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் அது தேநீர் இடைவேளையோடு போய்விடும்.

விடுதியில் பொறுப்பு இருந்தால், மொட்டைமாடிக் கதவு பூட்டப்படுகிறதா, ஆய்வக வேதிப்பொருள்களும் தோட்டத்திற்கு வாங்கிய மருந்துகளும் பூட்டிய அறையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ‘சாக நினைப்பவர் எப்படியும் வழி தேடிக்கொள்வார்’ என்று சிலர் இதைத் தட்டிக்கழிப்பார்கள். அனுபவம் வேறு விதமாகச் சொல்கிறது. இலங்கையில் கொடிய பூச்சிக்கொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்ட பின், 1990களின் நடுவில் உலகிலேயே மிக அதிகமாக இருந்த விகிதங்களில் ஒன்றான அந்நாட்டுத் தற்கொலை விகிதம் அடுத்த பத்தாண்டில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. தற்கொலை உந்துதலின் உச்சம் பலருக்கும் சில நிமிடங்களோ சில மணி நேரமோதான் நீடிக்கிறது. அந்த நேரத்தில் ஆபத்தான பொருள் கைக்கு எட்டாமல் இருப்பதே ஒருவரைக் காப்பாற்றிவிடலாம்.

முதல் படி: கவனித்தல்

கல்லூரி நாள்காட்டியில் சில நாள்கள் மற்ற நாள்களைவிடக் கனமானவை. பருவத்தேர்வு முடிவு வெளியாகும் மாலை, வருகைப்பதிவு குறைந்தவர்களின் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் நாள், கட்டணத்திற்கான கடைசித் தேதி, வேலைவாய்ப்பு முகாமில் அறை நண்பர்கள் எல்லோரும் தேர்வாகி ஒருவர் மட்டும் விடுபடும் வாரம், நீண்ட விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பும் நாள் ஆகியவற்றை உங்கள் குறிப்பேட்டில் முன்கூட்டியே குறித்துவையுங்கள். தேர்வு முடிவு வரும் நாளில், அரியர் விழுந்தவர்களை மறுநாள் காலையில் நிற்கவைத்துக் கேள்வி கேட்பதற்குப் பதிலாக, அன்று மாலையே மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் முறையையும் அடுத்த தேர்வு எப்போது என்பதையும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிடுவது ஒரு சிறிய வேலை. ஆனால் ‘எல்லாம் முடிந்துவிட்டது’ என்ற நினைப்பை அது தளர்த்தும்.

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்து, ஊரே பாராட்ட மதிப்பெண் வாங்கி, குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வந்து சேர்ந்த மாணவர் முதல் பருவக் கணிதத்தில் தோற்கும்போது, அவர் இழப்பது ஒரு தாளை மட்டுமல்ல. ஊரில் தனக்கிருந்த பெயரே போய்விட்டதாக அவர் உணர்கிறார். பல மாணவர்கள் அரியர் எண்ணிக்கையை வீட்டில் சொல்லாமல் நான்காம் ஆண்டு வரை மறைத்துக்கொண்டே வருகிறார்கள். மறைத்தது வெளியாகப் போகும் நேரம்தான் ஆபத்தானது. இவற்றோடு, கல்வி உதவித்தொகை வந்து சேராத தாமதம், இணையச் சூதாட்டத்தில் விட்ட பணம், கடன் செயலிக்காரர்களின் மிரட்டல், படத்தை மாற்றி வெளியிடுவேன் என்று வரும் பயமுறுத்தல், வீடு ஏற்காத காதல், சாதியைச் சொல்லிச் செய்யும் கேலி, ராகிங் எனப் பலவும் உண்டு. சிலவற்றுக்கு நேரடித் தீர்வு இருக்கிறது: இணைய மிரட்டலுக்கும் பண மோசடிக்கும் 1930 என்ற எண்ணில் புகார் கொடுக்கலாம், ராகிங்கைத் தடைசெய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 1997 முதல் நடைமுறையில் இருக்கிறது, அதற்கான தேசிய உதவி எண் 1800-180-5522. இவற்றில் எதுவும் தனியாக ஒருவரைத் தற்கொலைக்குத் தள்ளிவிடுவது அரிது. மனச்சோர்வோ, குடிப்பழக்கமோ, பழைய காயமோ, தனிமையோ சேர்ந்துதான் ஒருவரை அந்த விளிம்புக்குக் கொண்டுபோகின்றன. முன்பு ஒருமுறை முயன்றவருக்கு அபாயம் மிகவும் அதிகம்.

வெளியே தெரியும் மாற்றங்கள் பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். மெஸ்ஸுக்கு வராமை, பகலெல்லாம் உறங்கி இரவெல்லாம் விழித்திருத்தல், குளிக்காமல் வகுப்புக்கு வருதல், முன் வரிசையில் இருந்தவர் கடைசி வரிசைக்குப் போய்ப் பிறகு வராமலே நின்றுவிடுதல் போன்றவை அவை. ‘இனிமே யாருக்கும் பாரமா இருக்க மாட்டேன்’ என்பதுபோன்ற பேச்சு, அவ்வகை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், விருப்பமான பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல், பல நாள் கலக்கத்திற்குப் பின் காரணமின்றி வரும் திடீர் அமைதி ஆகியவற்றைப் பார்த்தால் அன்றைக்கே பேசிவிட வேண்டும். இவற்றை முதலில் அறிபவர் அறை நண்பர்தான். வந்து சொல்லும் நண்பருக்கு நன்றி சொல்லுங்கள், அவர் பெயரை வெளியிடாதீர்கள், ‘இவ்வளவு நாளா ஏன் சொல்லலை?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

இரண்டாம் படி: கேட்டல்

ஆசிரியர்கள் அறையில் பத்துப் பேர் நடுவில் இதைப் பேச முடியாது. ஆளில்லாத வகுப்பறை, நூலகத்தின் பின்பக்கம், மைதானத்தைச் சுற்றி ஒரு நடை என எதுவாகவும் இருக்கலாம். மாணவி என்றால் அவருக்கு நெருக்கமான ஆசிரியை ஒருவர் உடனிருப்பதை விரும்புகிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ‘ரெண்டு வாரமா உன் முகமே சரியில்லப்பா, சாப்பிடக்கூட வர்றதில்லைன்னு கேள்விப்பட்டேன். என்ன ஆச்சு?’ என்று நீங்கள் கண்டதைச் சொல்லித் தொடங்கலாம். பிறகு பேசவிடுங்கள். இடையில் வரும் மௌனத்தை அறிவுரையால் நிரப்ப வேண்டாம். நம் தொழில் நம்மைப் பேசியே பழக்கிவிட்டதால் இதுதான் ஆசிரியர்களுக்கு மிகவும் கடினம்.

அதன்பின் நேரடியாகக் கேட்க வேண்டும். ‘இவ்வளவு கஷ்டம் இருக்கும்போது சிலருக்குச் செத்துப்போயிடலாம்னு தோணும். உனக்கு அப்படித் தோணுதா?’ என்ற கேள்வியைத் தெளிவாகக் கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. ஆய்வுகள் அந்த அச்சத்தை உறுதிப்படுத்தவில்லை. கேட்கப்பட்டவர்கள் பெரும்பாலும் ஆறுதலே அடைகிறார்கள். ‘தப்பு தண்டாவா எதுவும் யோசிக்கலையே?’ என்று கேட்டால், ‘இல்லை’ என்ற பதிலை நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

‘அப்பா அம்மாவை நினைச்சுப் பார்த்தியா?’, ‘இதெல்லாம் ஒரு பிரச்சினையா?’, ‘உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க எத்தனை பேர்!’ என்பவை நல்ல மனத்தோடு சொல்லப்படுபவைதாம். ஆனால் ஏற்கெனவே தன்னைப் பாரமாக எண்ணிக்கொண்டிருப்பவருக்கு அவை குற்றவுணர்வைத்தான் கூட்டும். ‘சொன்னதுக்கு நன்றிப்பா. இதை நீ தனியா சுமக்க வேண்டாம், நான் கூட இருக்கேன்’ என்பது போதும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ‘தேவையில்லாதவங்களுக்குச் சொல்ல மாட்டேன், உன் உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் உதவக்கூடியவங்களுக்குச் சொல்வேன், உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்’ என்பதே நீங்கள் காப்பாற்றக்கூடிய வாக்கு.

மூன்றாம் படி: அவசரத்தை அளத்தல்

எண்ணம் உண்டு என்று பதில் வந்தால், எப்படி என்று யோசித்திருக்கிறாரா, எப்போது என்று முடிவுசெய்திருக்கிறாரா, அதற்கான பொருள் கைவசம் இருக்கிறதா, முன்பு எப்போதாவது முயன்றிருக்கிறாரா என்று அமைதியாகக் கேளுங்கள். விவரங்களைத் துருவ வேண்டாம். ஆம், இல்லை என்ற அளவே போதும். திட்டம், பொருள், நேரம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலோ, அண்மையில் முயன்றிருந்தாலோ, குடித்திருந்தாலோ அதை நெருக்கடியாகவே கொள்ள வேண்டும். எண்ணம் மட்டும் வந்துபோகிறது, திட்டம் ஏதும் இல்லை என்றால், அன்றோ மறுநாளோ ஆலோசகரைச் சந்திக்க ஏற்பாடு செய்து, அன்றிரவு யாரோடு இருப்பார், எண்ணம் வலுத்தால் யாரை அழைப்பார், எது அவரைச் சற்று நேரம் திசைதிருப்பும் என்பவற்றை அவர் கையாலேயே ஒரு தாளில் எழுதி அவரிடமே வைத்திருக்கச் செய்யுங்கள். எந்த வகை என்று உங்களால் தீர்மானிக்க முடியவில்லையென்றால் அவசரமானதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: நெருக்கடியில் செய்ய வேண்டியது

மாணவரை ஒரு நிமிடமும் தனியே விடக் கூடாது; கழிவறைக்குப் போனாலும் நம்பிக்கையான ஒருவர் வெளியே நிற்க வேண்டும். இன்னொருவரை அனுப்பி அறையிலுள்ள ஆபத்தான பொருள்களை அகற்றச் சொல்லுங்கள். நீங்கள் அவர் அருகிலேயே இருந்தபடி 14416ஐ ஒலிபெருக்கியில் அழைக்கலாம். முதல்வருக்கோ தலைமைக் காப்பாளருக்கோ தகவல் கொடுத்துவிட்டு மனநல மருத்துவர் இருக்கும் மருத்துவமனைக்கு உடன் அழைத்துச் செல்லலாம்.

ஏதேனும் செய்துகொண்டுவிட்டார் என்றோ எதையேனும் உட்கொண்டுவிட்டார் என்றோ தெரிந்தால் முதல் அழைப்பு 108க்கு. உப்புத் தண்ணீரோ சோப்புத் தண்ணீரோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் வழக்கம் இன்னும் நம்மிடையே இருக்கிறது. வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம், அப்படிச் செய்யக் கூடாது. உட்கொண்ட பொருளின் உறையையோ புட்டியையோ மருத்துவரிடம் காட்ட எடுத்துச் செல்லுங்கள். ‘எனக்கு ஒன்னும் இல்ல சார், நல்லாத்தான் இருக்கேன்’ என்று அவரே சொன்னாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். சில பாதிப்புகள் தாமதமாகவே வெளித்தெரியும்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும், படிப்பு போய்விடும் என்ற பயத்தில் பெரிய மருத்துவமனையைத் தவிர்த்துச் சிறிய கிளினிக்குகளில் அலைந்து நேரத்தை இழப்பது உண்டு. மருத்துவமனை இதை மருத்துவ-சட்ட நிகழ்வாகப் பதிவுசெய்து காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுக்கும் என்பது உண்மை. அந்தப் பதிவு மாணவரைக் குற்றவாளியாக்குவதில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதி, அவரை விசாரித்துத் தண்டிப்பதை விலக்குகிறது. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவே இடம்பெறவில்லை. அரசு ஊழியரின் கடமையைக் கட்டாயப்படுத்தவோ தடுக்கவோ செய்யும் தற்கொலை முயற்சி மட்டுமே அதில் குற்றமாகச் சொல்லப்பட்டுள்ளது.

ஐந்தாம் படி: வீட்டுக்குச் சொல்லுதல்

இந்தப் படியில்தான் நல்ல நோக்கமுள்ளவர்களும் தடுக்கி விழுகிறார்கள். ‘உங்க பையன் தற்கொலை பண்ணிக்கப் பார்க்குறான், வந்து கூட்டிட்டுப் போங்க’ என்று அலுவலகத் தொலைபேசியிலிருந்து வரும் செய்தி, எட்டு மணி நேரப் பேருந்துப் பயணம் முழுவதும் ஒரு தந்தையைப் பயமும் அவமானமும் கோபமுமாகக் கொதிக்கவைத்து, வந்து இறங்கியதும் அடிக்கவைக்கலாம். முதலில் மாணவரிடமே கேளுங்கள்: வீட்டில் யாரிடம் சொன்னால் புரிந்துகொள்வார்கள்? பல குடும்பங்களில் அந்த ஆள் அப்பாவாக இருப்பதில்லை. அக்காவாகவோ சித்தியாகவோ தாய்மாமனாகவோ இருப்பார். ‘உடம்புக்கு முடியல, டாக்டர் பார்த்துட்டு இருக்காங்க, நாங்க கூடவே இருக்கோம், பயப்படாம வாங்க’ என்று சொல்லி வரவழைத்து, மருத்துவர் முன்னிலையில் நேரில் விளக்குவது நல்லது. திட்டாமலும், ஃபோனைப் பிடுங்காமலும், படிப்பை நிறுத்திக் கல்யாணப் பேச்சை எடுக்காமலும் இருக்கும்படி வெளிப்படையாகவே கேட்டுக்கொள்ளுங்கள். கோயிலுக்கோ தர்காவுக்கோ அழைத்துப்போக விரும்பினால் தடுக்க வேண்டாம், மருந்தும் அதோடு தொடர வேண்டும் என்று மட்டும் வலியுறுத்துங்கள்.

வீடே ஆபத்தின் மூலமாக இருக்கும்போது, குறிப்பாகச் சாதி மறுத்த காதல் வெளிப்பட்ட நிலையில், பெற்றோருக்குத் தகவல் போகும் முன் முதல்வரோடும் மனநல ஆலோசகரோடும் கலந்து முடிவெடுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181 இங்கே பயன்படும்.

ஆறாம் படி: சிகிச்சையும் அதன் பிறகும்

முதல் சந்திப்புக்கு நீங்களோ நண்பர் ஒருவரோ கூடவே போவது, ‘போய்ப் பார்த்துட்டு வா’ என்று அனுப்புவதைவிடப் பல மடங்கு பயன் தரும். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலைசெய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம் என்பதையும், பலனில்லை என்று பாதியில் நிறுத்தக் கூடாது என்பதையும் மருத்துவர் சொல்லியிருப்பார், நினைவூட்டுங்கள். இருபத்தைந்து வயதுக்குட்பட்டோரிடம் மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் அமைதியின்மையோ தற்கொலை எண்ணமோ கூடுகிறதா என்று கவனித்து, கூடினால் உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். சிகிச்சை விவரங்களை இரகசியமாக வைத்திருக்கக் கேட்கும் உரிமையை மனநலப் பராமரிப்புச் சட்டமே நோயாளிக்குக் கொடுக்கிறது. துறைக் கூட்டத்தில் அவற்றைப் பேசக் கூடாது.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய முதல் வாரமும் அடுத்த சில மாதங்களும் அபாயம் மிகுந்த காலம். நம் கல்லூரிகள் பலவற்றில் அப்போதுதான் பெற்றோரிடம் ‘இனி எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று எழுதி வாங்கிக்கொண்டு விடுதியிலிருந்து அனுப்பிவிடுகிறார்கள். நண்பர்களையும் அன்றாட ஒழுங்கையும் ஒரே நாளில் பறிப்பது நிர்வாகத்துக்கு வேண்டுமானால் பாதுகாப்பாக இருக்கலாம், மாணவருக்கு இல்லை. உலக சுகாதார நிறுவனம் சென்னையும் கொழும்பும் உட்பட ஐந்து இடங்களில், தற்கொலைக்கு முயன்று சிகிச்சைக்கு வந்த 1,867 பேரிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு ஏறத்தாழ ஒரு மணி நேர விளக்கமும் பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசி வழியாகவோ நேரிலோ தொடர்பும் பெற்றவர்களில் தற்கொலையால் இறந்தவர் 0.2 சதவீதம், அந்தத் தொடர்பு கிடைக்காதவர்களில் அது 2.2 சதவீதம். விலையுயர்ந்த ஏற்பாடு எதுவும் அதில் இல்லை. ஒருவர் திரும்பத் திரும்ப விசாரித்தார், அவ்வளவுதான்.

ஆகவே உங்கள் நாள்காட்டியில் முதல் மாதம் வாரம் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை என்று குறித்துக்கொண்டு, ‘சாப்பிட்டியா, மாத்திரை தீர்ந்துபோச்சா, அடுத்து எப்ப டாக்டரைப் பார்க்கணும்?’ என்று இரண்டு நிமிடம் கேளுங்கள். வருகைப்பதிவு குறைந்திருந்தால் மருத்துவச் சான்றோடு விலக்குக்கு விண்ணப்பிக்கும் வேலையை நீங்களே முன்னின்று முடித்துக் கொடுங்கள். விடுபட்ட இன்டர்னல் தேர்வுக்கு மறுவாய்ப்பு கேளுங்கள். ஹால் டிக்கெட் கிடைக்குமா என்ற கவலை நீங்குவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

எல்லா முயற்சிக்குப் பிறகும், அல்லது எந்த முன்னறிகுறியும் தெரியாமலே, ஒரு மாணவர் இறந்துபோகலாம். அப்போது இறந்த விதத்தை விவரிக்காமல் செய்தியை வகுப்பு வகுப்பாக நேரில் சொல்லுங்கள். புகைப்படமும் கடிதமும் குழுக்களில் பரவாமல் தடுங்கள். அறை நண்பர், நெருங்கிய தோழி, கடைசியாகச் சண்டையிட்டவர், முன்பே முயன்று மீண்டவர் ஆகியோரிடம் அன்றே தனித்தனியாகப் பேசுங்கள். ஊடகத்தினர் வந்தால், விதத்தையும் இடத்தையும் விவரிக்கக் கூடாது என்று இந்தியப் பத்திரிகை மன்றம் 2019இல் வகுத்த நெறிகளை எடுத்துச் சொல்லலாம். நீங்களும் ஒருவரிடம் பேச வேண்டியிருக்கும். 14416 ஆசிரியர்களுக்கும் உரியதே.

கல்வியாண்டு முடிந்து வகுப்பு வேறொரு ஆலோசகரிடம் போகும்போது, கோப்பில் குறிப்பு எழுதிவைத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். மாணவரிடம் அனுமதி கேட்டு, புதியவரிடம் அவரை நேரில் அழைத்துச் சென்று அறிமுகப்படுத்தி, அடுத்த மருத்துவச் சந்திப்பு எந்தத் தேதியில் என்பதை மூவரும் சேர்ந்து குறித்துக்கொள்ளுங்கள்.